ரிட்டர்ன் பம்ப் கக்கும் குமிழிகளும் சம்ப்பில் இறங்கும் நீர்மட்டமும்

நீங்கள் சொன்னவற்றை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று முதலில் பார்த்துக்கொள்கிறேன். 120 செ.மீ. நீளம், 45 செ.மீ. அகலம், 50 செ.மீ. உயரம் கொண்ட கடல்நீர்த் தொட்டி. கீழே அலமாரிக்குள் 75 செ.மீ. நீளமும் 35 செ.மீ. அகலமும் உள்ள சம்ப், அதாவது மேல்தொட்டியிலிருந்து வழியும் நீர் வந்து சேரும், அறை அறையாகத் தடுத்த வடிகட்டித் தொட்டி. மணிக்கு 2,500 லிட்டர் தள்ளும் என்று அட்டையில் போட்டிருக்கிற, சம்ப் நீரை மேல்தொட்டிக்குத் திரும்ப ஏற்றும் ரிட்டர்ன் பம்ப். மூன்று வாரங்களாகப் பொடிக்குமிழிகள் வந்து தொட்டியே பால் கலந்தது போலத் தெரிகிறது. சம்ப்பின் கடைசி அறையில், அதாவது பம்ப் இருக்கும் அறையில், நாளொன்றுக்கு ஏறக்குறைய 4 செ.மீ. நீர் இறங்குகிறது, ஆனால் மேல்தொட்டியில் மட்டம் குறையாமல், முன்பிருந்ததைவிட ஒரு செ.மீ. ஏறியிருக்கிறது. பத்து நாட்களாக உப்பு கலந்த நீரை ஊற்றி நிரப்பி வருகிறீர்கள். ஊற்றியவுடன் குமிழி நின்றுவிடுகிறது, மறுநாள் திரும்பி வருகிறது. பம்ப்பை மாற்ற வேண்டுமா என்பது உங்கள் கேள்வி.

பம்ப்பை மாற்ற வேண்டாம். நீர் ஊற்றியவுடன் குமிழி நிற்கிறது என்ற ஒரு செய்தியே பம்ப் பழுதில்லை என்பதற்குப் போதுமான சான்று. ஆனால் குமிழியைப் பற்றிப் பேசுவதற்கு முன், அதைவிட அவசரமான ஒன்று இருக்கிறது. உப்புநீர் ஊற்றுவதை இன்றே நிறுத்திவிடுங்கள்.

தொட்டியிலிருந்து ஆவியாகிப் போவது நீர் மட்டுமே. உப்பு அப்படியே தங்கிவிடுகிறது. உங்கள் கடைசி அறை 30 செ.மீ. நீளம், 35 செ.மீ. அகலம் என்கிறீர்கள், அப்படியானால் அங்கே ஒரு செ.மீ. மட்டம் என்பது ஒரு லிட்டருக்குச் சற்றே அதிகம். நாளுக்கு 4 செ.மீ. இறங்கினால் 4 லிட்டருக்கு மேல் ஆவியாகிறது. அந்த 4 லிட்டரை லிட்டருக்கு 35 கிராம் உப்புள்ள நீரால் நிரப்பும்போது, நாள்தோறும் 140 கிராம் உப்பைக் கூடுதலாகத் தொட்டிக்குள் போடுகிறீர்கள். பாறையும் மணலும் அடைத்துக்கொண்ட இடத்தைக் கழித்தால் மேலும் கீழுமாக உங்களிடம் சுமார் 280 லிட்டர் நீர் இருக்கும். அந்தக் கணக்கில் உப்புத்தன்மை நாளுக்கு அரை பிபிடி ஏறும் (ஒரு பிபிடி என்பது ஆயிரத்தில் ஒரு பங்கு, ஏறத்தாழ லிட்டருக்கு ஒரு கிராம்). பத்து நாட்களில் 35 பிபிடி என்பது 40 ஆகியிருக்கும். உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரை 35 பிபிடி அளவுக்கரைசலால் சரிபார்த்துவிட்டு இன்றே அளந்து பாருங்கள். ஒப்படர்த்தி 1.030-ஐ ஒட்டிக் காட்டினால் நான் வியப்படைய மாட்டேன். அப்படிக் காட்டினாலும் பதறி ஒரே நாளில் இறக்கிவிடக் கூடாது. பவளங்களும் இறால்களும் நத்தைகளும் உப்பின் திடீர் மாற்றத்தைத் தாங்குவதில்லை. நாளுக்கு ஒரு பிபிடிக்கு மேல் இறக்காதீர்கள். 280 லிட்டரில் 7 லிட்டர் தொட்டி நீரை எடுத்துவிட்டு அதே அளவு உப்பில்லாத ஆர்ஓ நீரை ஊற்றினால், 40 என்பது ஏறத்தாழ 39 ஆகும். அன்றன்று ஆவியானதற்கான நீர் இதற்கு வெளியே. ஐந்தாறு நாட்களில் பழைய நிலைக்கு வந்துவிடலாம்.

ஆவியாதலை ஈடுசெய்ய எப்போதும் உப்பில்லாத நீரே. வீட்டில் குடிப்பதற்காக மாட்டியிருக்கும் ஆர்ஓ கருவியின் நீரை ஊற்றலாமா என்று பலர் கேட்கிறார்கள். அவற்றில் பலவற்றில் சுவைக்காகத் தாது சேர்க்கும் கார்ட்ரிட்ஜ் கடைசியில் இருக்கும். அந்த நீரைத் தினமும் ஊற்றும்போது அதிலுள்ளவை ஆவியாகாமல் உள்ளேயே சேர்ந்துகொண்டு போகும். தாது சேர்வதற்கு முந்தைய இணைப்பிலிருந்து நீரெடுத்து, அதை எஞ்சிய அயனிகளை நீக்கும் டிஐ பிசின் வழியாகச் செலுத்தி, கரைந்த பொருள்களை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் பூஜ்யம் காட்டும் நீரைச் சேமித்து வைத்துக்கொள்வதே நல்லது. சென்னை, கடலூர் போன்ற கரையோர ஊர்களில் காற்றிலேயே ஈரம் இருப்பதால் ஆவியாதல் ஓரளவு மட்டுப்படும். கோவை, மதுரை போன்ற உள்நாட்டு ஊர்களிலும், ஏசி ஓடும் அறைகளிலும், நீரைக் குளிர்விக்கத் தொட்டியின் மேல் மின்விசிறி வைத்திருப்பவர்களுக்கும் அது கணிசமாகக் கூடும். நாளுக்கு 4 லிட்டர் என்பது உங்கள் தொட்டி அளவுக்கு இயல்பானதே. கசிவு இருக்குமோ என்று அஞ்ச வேண்டாம். அலமாரியின் அடிப்பலகை காய்ந்திருக்கிறதா என்று மட்டும் ஒருமுறை தடவிப் பாருங்கள்.

இனி நீர்மட்டம். சம்ப் உள்ள அமைப்பில் மேல்தொட்டியின் நீர்மட்டத்தைத் தீர்மானிப்பது ஓவர்ஃப்ளோ பெட்டியின் விளிம்புதான். அந்த விளிம்பைத் தாண்டிய நீர் கீழே வழிந்துவிடும், தாண்டாதது அங்கேயே நிற்கும். அதனால் எத்தனை லிட்டர் ஆவியானாலும் மேல்தொட்டியில் அது தெரியாது. ஸ்கிம்மர் (கழிவை நுரையாக்கி நீக்கும் கருவி) இருக்கும் அறையின் மட்டத்தைத் தடுப்புக் கண்ணாடியின் உயரம் கட்டுப்படுத்துகிறது, அங்கும் தெரியாது. மொத்த அமைப்பிலும் கூடுதல் குறைவு வெளிப்படும் ஒரே இடம் கடைசி அறை. வரவு செலவு எல்லாம் அங்கேதான் கணக்காகிறது.

இதைப் பிடித்துக்கொண்டால் நீங்கள் தனித்தனியாகச் சொன்ன இரண்டு அறிகுறிகள் ஒன்றாகிவிடுகின்றன. மேல்தொட்டியில் ஒரு செ.மீ. ஏறியிருக்கிறது என்றீர்கள். 120 செ.மீ.க்கு 45 செ.மீ. பரப்பில் ஒரு செ.மீ. என்பது 5.4 லிட்டர். அந்த 5.4 லிட்டர் வேறெங்கிருந்தும் வரவில்லை. கடைசி அறையிலிருந்து போயிருக்கிறது. அங்கே அது 5 செ.மீ.க்கும் அதிகமான இறக்கம். மேலே கண்ணுக்கே சரியாகத் தெரியாத ஒரு செ.மீ., கீழே பம்ப்பின் தலைக்கு மேலிருந்த நீரைப் பறித்துவிடுகிறது. அதற்கு மேல் ஒரு நாள் ஆவியாதல் சேர்ந்தால் பம்ப் காற்றைக் குடிக்கத் தொடங்கும்.

மேலே மட்டம் ஏன் ஏறியது? ஓவர்ஃப்ளோ பெட்டியின் சீப்புப் பற்களைப் பாருங்கள். பாசியோ, சிறு நத்தையோ, கழன்று வந்த பாசித்துண்டோ சில இடுக்குகளை அடைத்திருக்கும். வழி குறுகினால் அதே அளவு நீர் போவதற்கு மட்டம் உயர்ந்தே ஆக வேண்டும். பழைய பல் துலக்கியால் தேய்த்துவிட்டு ஐந்து நிமிடம் கழித்துக் கடைசி அறையைப் பாருங்கள். ஒரு சொட்டு நீர் ஊற்றாமலே அங்கே மட்டம் ஏறியிருக்கும். பற்கள் சுத்தமாக இருந்தும் ஏறவில்லையென்றால், வடிகுழாயின் வாயில் ஏதாவது சிக்கியிருக்கலாம், அல்லது அதன் கீழ் முனை சம்ப் நீருக்குள் மிக ஆழமாக மூழ்கியிருக்கலாம். ஆழமாக மூழ்கினால் குழாய்க்குள் சிக்கிய காற்று வெளியேற முடியாமல் திணறி, நீர் ஒரு சீராக வடியாமல் விட்டுவிட்டுக் கொட்டும். இரண்டு செ.மீ. மூழ்கினால் போதும்.

நீர் ஊற்றினால் நிற்கும் குமிழி எங்கே பிறக்கிறது என்பதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது, பம்ப்பின் உறிஞ்சுவாய்க்கு மேல் நீர் குறைந்ததும் நீர்ப்பரப்பில் சிறு சுழல் உண்டாகி, அதன் நடுவே காற்று ஒரு நூலாக இறங்கி வாய்க்குள் போகிறது. உள்ளே சுழலும் விசிறி அந்தக் காற்றை அரைத்துப் பொடியாக்கி மேலே அனுப்புகிறது. டார்ச் அடித்து மேலிருந்து பார்த்தால் அந்தச் சுழலைக் கண்ணாலேயே காணலாம். உறிஞ்சுவாய் மேல் நோக்கியோ பக்கவாட்டிலோ இருந்தால் ஒரு எல்போ மாட்டி அதைக் கீழ்நோக்கித் திருப்பிவிடுங்கள். அந்த ஒரு துண்டுக் குழாய் உங்களுக்குச் சில செ.மீ. ஆழத்தை இலவசமாகத் தரும்.

இரண்டாவது காரணத்தைப் பலர் கவனிப்பதில்லை. கடைசி அறையில் மட்டம் இறங்க இறங்க, முந்தைய அறையிலிருந்து தடுப்புக் கண்ணாடியைத் தாண்டி வரும் நீர் ஓர் அருவியாகிவிடுகிறது. மட்டம் சரியாக இருக்கும்போது ஓரிரு செ.மீ. வழிந்து சேரும் நீர், மட்டம் தாழ்ந்ததும் பத்துப் பன்னிரண்டு செ.மீ. உயரத்திலிருந்து விழுந்து காற்றைத் தன்னோடு இழுத்துச் செல்கிறது. அதாவது குமிழியை வடிகட்டுவதற்காக வைத்த தடுப்பே குமிழியை உண்டாக்குகிறது. பம்ப் அந்த அருவியின் அடியிலேயே இருந்தால் கேட்கவே வேண்டாம். பம்ப்பை எதிர்மூலைக்குத் தள்ளி வையுங்கள்.

கடல்நீரில் இந்தத் தொல்லை நன்னீர்த் தொட்டியைவிடக் கூடுதலாக இருப்பதற்கு இயற்பியல் காரணம் உண்டு. கரைந்திருக்கும் உப்பு, குமிழிகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாவதைத் தடுக்கிறது. நன்னீரில் இரண்டு குமிழிகள் தொட்டவுடன் ஒன்றாகிப் பெரிதாகி மேலே போய்விடும். கடல்நீரில் அவை சிறியவையாகவே மிதக்கும். அதனால்தான் தொட்டியைக் கட்டியவுடன் வெறும் நீர் நிரப்பிச் சோதித்தபோது வராத குமிழி, உப்புக் கலந்ததும் வருகிறது. சிறிய குமிழி மேலே ஏறும் வேகம் அதன் விட்டத்தின் இருபடியைப் பொறுத்தது. 0.1 மி.மீ. குமிழி நொடிக்கு ஐந்தரை மி.மீ. அளவு ஏறும், அதில் பாதி விட்டமுள்ள 0.05 மி.மீ. குமிழி கால்பங்கு வேகத்தில், நொடிக்கு ஒன்றரை மி.மீ.க்கும் குறைவாகவே ஏறும். உங்கள் பம்ப் அந்த உயரத்துக்கு ஏற்றியபின் உண்மையில் மணிக்கு 1,800 லிட்டர் தள்ளுகிறது என்று வைத்துக்கொண்டால், நொடிக்கு அரை லிட்டர். 35 செ.மீ. அகலமும் 25 செ.மீ. ஆழமும் உள்ள அறையில் நீர் நொடிக்கு அரை செ.மீ.க்குச் சற்று கூடுதலாக நகரும், 30 செ.மீ. நீளத்தைக் கடக்க ஏறத்தாழ ஐம்பது நொடி ஆகும். அதே கடைசி அறையில் ஆழம் 8 செ.மீ. ஆகிவிட்டால் பதினேழு நொடிதான். குமிழி மேலேறித் தப்பிக்க அவகாசமே கிடைப்பதில்லை. ஆகவே கடைசி அறையில் மட்டம் உயர்ந்திருப்பது சுழலைத் தடுப்பதோடு, குமிழிக்கு நேரத்தையும் கொடுக்கிறது.

இவ்வளவும் சொன்ன பிறகு, உங்கள் தொட்டியில் தெரியும் வெண்மை குமிழிதானா என்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள். உயரமான கண்ணாடி டம்ளரில் தொட்டி நீரை மொண்டு வைத்து இரண்டு மூன்று நிமிடம் பாருங்கள். அடியிலிருந்து மேல் நோக்கித் தெளிந்துகொண்டு வந்தால் அது குமிழி. மேலிருந்து கீழாகத் தெளிந்தால் மணலோ, கால்சியம் படிவோ போன்ற துகள். தெளியவே இல்லையென்றால் நுண்ணுயிர்ப் பெருக்கமாக இருக்கலாம். அதற்கு மருத்துவம் வேறு. அதுபோலவே, மாலை நேரத்தில் பாறையிலும் மணலிலும் முத்து முத்தாக ஒட்டிக்கொண்டிருக்கும் குமிழிகளுக்கும் பம்ப்புக்கும் தொடர்பில்லை. பாசி ஒளிச்சேர்க்கையில் விடும் ஆக்சிஜன் அது.

மட்டத்தைச் சரிசெய்த பிறகும் குமிழி முழுவதும் நிற்கவில்லையென்றால் அடுத்த சந்தேகம் ஸ்கிம்மர். அதை மட்டும் அரை மணி நேரம் நிறுத்திவையுங்கள். தொட்டி தெளிந்தால் குற்றவாளி அதுவே. புதிய ஸ்கிம்மர் முதல் சில நாட்கள், சில சமயம் ஓரிரு வாரங்கள்கூட, பொடிக்குமிழியை வெளியே விட்டுக்கொண்டிருக்கும். உள்பரப்பில் மெல்லிய படலம் படிந்ததும் அடங்கிவிடும். பழைய ஸ்கிம்மர் என்றால் அது நிற்கும் அறையின் ஆழத்தை அளந்து பாருங்கள். பல ஸ்கிம்மர்கள் 15 முதல் 25 செ.மீ. ஆழத்துக்குள் வேலை செய்யுமாறு செய்யப்பட்டவை. உங்களுடையதற்கு எவ்வளவு என்பது அதனுடன் வந்த தாளில் இருக்கும். ஆழம் கூடினால் நுரை நீர்த்துக் கோப்பையில் வழியும், குறைந்தால் நுரையே ஏறாது. குளோரின் நீக்கி மருந்து ஊற்றிய அன்றும், பவளம் ஒட்டும் எபாக்ஸி பயன்படுத்திய அன்றும் எந்த ஸ்கிம்மரும் பொங்கி வழியும். அதைப் பார்த்து வால்வைத் திருகிக்கொண்டிருக்காமல் ஒரு நாள் விட்டுவிடுங்கள். ஸ்கிம்மரின் வெளிவாயில் ஒரு துண்டு கரடுமுரடான ஸ்பாஞ்ச் செருகிவைத்தால் குமிழிகள் அதில் ஒட்டிப் பெருத்து மேலேறிவிடும். ஆனால் அதை வாரம் இருமுறையாவது அலசாவிட்டால் அடைத்துக்கொண்டு ஸ்கிம்மருக்குள் மட்டம் ஏறும்.

மட்டமும் சரி, ஸ்கிம்மரும் நிறுத்தியாயிற்று, இன்னும் குமிழி வருகிறது என்றால்தான் குழாய் இணைப்புகளைத் தேட வேண்டும். இங்கே பெரும்பாலோர் தவறான இடத்தில் தேடுவார்கள். பம்ப்புக்குப் பின்னால், அழுத்தம் உள்ள குழாயில் இடைவெளி இருந்தால் நீர் வெளியே கசியுமே தவிரக் காற்று உள்ளே போகாது. காற்று நுழைவது உறிஞ்சும் பக்கத்தில்தான். வெளியே நிற்கும் பம்ப்பாக இருந்தால் சம்ப்புக்கும் பம்ப்புக்கும் இடையிலுள்ள யூனியனின் ஓ-ரிங், டெஃப்லான் டேப் சரியாகச் சுற்றாத மரை, தளர்ந்த கிளிப் ஆகியவையே இடங்கள். அங்கே நீர் சொட்டாமலே காற்று நுழையும். ஒவ்வோர் இணைப்பிலும் தண்ணீரில் நனைத்த துணியை இறுகச் சுற்றிப் பிடித்துப் பாருங்கள். எதைப் பிடித்தபோது குமிழி குறைகிறதோ அதுவே பழுது. ஓ-ரிங்கைக் கழற்றித் துடைத்து, உணவுத்தரச் சிலிக்கோன் கிரீஸ் தடவி மாட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும். உங்கள் பம்ப் நீரில் மூழ்கியது என்பதால் இந்தப் பகுதி உங்களுக்குத் தேவைப்படாது.

ஆனால் மூழ்கிய பம்ப்புக்கும் பொருந்தும் ஒரு விதிவிலக்கு இருக்கிறது. ரிட்டர்ன் குழாய் தொட்டியின் விளிம்புக்கு மேல் ஏறி வளைந்து உள்ளே இறங்குகிறது அல்லவா? அதன் வாய் நீருக்குள் மூழ்கியிருந்தால், நீர்மட்டத்துக்கு மேலே நிற்கும் அந்த வளைவில் அழுத்தம் சில சமயம் வெளிக்காற்றைவிடச் சற்றே குறைந்துவிடும். அங்குள்ள இணைப்பு தளர்ந்திருந்தால் பம்ப்புக்குப் பின்னால் இருந்தும் காற்றை இழுக்கும். என் தொட்டியில் ஒருமுறை பம்ப்பை இரண்டு தடவை கழற்றி மாட்டிய பிறகே அந்த வளைவு என் நினைவுக்கு வந்தது. சால்வென்ட் போடாமல் வெறுமனே செருகிவைத்திருந்த எல்போவை ஒட்டியதும் குமிழி அடங்கியது.

இந்தச் சோதனைகளில் எதைச் செய்தாலும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு அரை மணி நேரமாவது பொறுங்கள். இரண்டைச் சேர்த்து மாற்றினால் எது பலித்தது என்று தெரியாமல் போய், அடுத்த மாதம் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

குமிழி நின்ற பிறகு கடைசி அறையில் எந்த மட்டத்தை நிலையாக வைப்பது? குமிழியை மட்டும் நினைத்தால் நிரம்ப வைக்கத் தோன்றும். ஆனால் கரண்ட் போகும்போது மேலிருந்து இறங்கும் நீருக்கு சம்ப்பில் இடம் இருக்க வேண்டும். ரிட்டர்ன் வாய் நீர்ப்பரப்புக்கு 3 செ.மீ. கீழே இருந்தால், பம்ப் நின்றதும் அதே குழாய் சைஃபனாகி அந்த 3 செ.மீ. நீரையும், அதாவது 16 லிட்டருக்கு மேல், கீழே இறக்கிவிடும். ஓவர்ஃப்ளோ பெட்டியிலும் குழாய்களிலும் உள்ளது இதற்கு மேல். உங்கள் சம்ப் முழுவதையும் சேர்த்தால் ஒரு செ.மீ.க்கு 2.6 லிட்டர் பிடிக்கும். ஆகவே ஓடும் நிலையில் விளிம்புக்குக் கீழே குறைந்தது 8 செ.மீ. இடம் காலியாக இருக்க வேண்டும். நாள் முழுவதும் வீட்டில் இருக்கும் ஒரு நாளில் பம்ப்பை நிறுத்தி, நீர் முழுவதும் இறங்கி அடங்கும் வரை பார்த்து, அப்படி இறங்கியும் சம்ப் வழியாத மிக உயர்ந்த ஓடும் நிலை மட்டத்தைக் கடைசி அறைக் கண்ணாடியில் அழியாத பேனாவால் கோடு போட்டுக் குறியுங்கள். சுழல் தொடங்கும் மட்டத்தில் இன்னொரு கோடு. இந்த இரண்டு கோடுகளுக்கும் நடுவே இருப்பதுதான் நீங்கள் வைத்துக்கொள்ளக்கூடிய மட்டம். ரிட்டர்ன் வாயை நீர்ப்பரப்புக்கு ஒரு செ.மீ. கீழே உயர்த்திவைத்தால் இறங்கும் நீர் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்து, இந்த இடைவெளி அகலமாகும். குழாயில் துளை போட்டு சைஃபனை முறிப்பவர்கள் அந்தத் துளையை மாதந்தோறும் குத்திச் சுத்தம் செய்ய வேண்டும். இளஞ்சிவப்புச் சுண்ணப்பாசி படர்ந்தும், சிறு நத்தை உட்கார்ந்தும் அது அடைபடும். நீர் திரும்பி வராமல் தடுக்கும் செக் வால்வை நம்பி இந்தக் கணக்கைக் கைவிடாதீர்கள். அதன் மடலில் ஒரு மணல்துகள் சிக்கினாலே அது மூடாது.

மறுபக்கத்தையும் ஒருமுறை சோதியுங்கள். வடிகுழாய் முழுவதும் அடைபட்டால் பம்ப் கடைசி அறையிலுள்ள நீரையெல்லாம் மேலே ஏற்றிவிடும். அந்த அறையில் 20 செ.மீ. நீர் இருந்தால் அது 21 லிட்டர். மேல்தொட்டியில் 4 செ.மீ. ஏற்றம். மேல்தொட்டியின் நீர்ப்பரப்புக்கும் விளிம்புக்கும் இடையே 5 செ.மீ. இருந்தால் தரை நனையாது.

தினமும் ஊற்றுவது சிரமம் என்றால் ஏடிஓ (ஆவியான அளவுக்குத் தானாக நன்னீர் ஊற்றும் கருவி) வைத்துக்கொள்ளலாம், வைத்துக்கொள்ள வேண்டும் என்றே சொல்வேன். குமிழித் தொல்லையும் உப்பு ஏற்ற இறக்கமும் ஒன்றாகத் தீரும். அதன் உணரியைக் கடைசி அறையில்தான் மாட்ட வேண்டும், வேறு அறையில் மாட்டினால் பயனில்லை. நன்னீர் டப்பாவின் குழாய்முனை சம்ப் நீரில் மூழ்காமல் மேலே தொங்க வேண்டும். மூழ்கினால் டப்பா உயரமாக இருக்கும்போது சைஃபனாகி முழுவதும் இறங்கிவிடும். டப்பாவின் அளவையும் 20 லிட்டருக்கு மேல் வைக்காதீர்கள். மிதவை சிக்கிக்கொண்டு 20 லிட்டரும் ஒரே இரவில் இறங்கினால் உப்புத்தன்மை 35-இலிருந்து 32.7 ஆகும், பவளங்கள் சுருங்கும், ஆனால் பெரும்பாலும் பிழைக்கும். 50 லிட்டர் இறங்கினால் 30-க்கும் கீழே போய்விடும். ஏடிஓ மாட்டும் முன் ஓவர்ஃப்ளோ சீப்பைச் சுத்தம் செய்துவிடுங்கள். சீப்பு அடைபட்டுக் கடைசி அறையில் மட்டம் இறங்கினாலும் ஏடிஓ அதை ஆவியாதல் என்றே எடுத்துக்கொண்டு நன்னீரை ஊற்றும். பிறகு நீங்கள் சீப்பைத் தேய்த்த அன்று, மேலே தங்கியிருந்த 5 லிட்டர் சேர்ந்து இறங்கி, கரண்ட் போகும்போது சம்ப் வழியும்.